வெள்ளி போர்த்த செம்பு: உரோம நாணயங்களும் நம்பிக்கையும்

உரோம ஆசிரியரான பிளினி தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் 6ஆம் பகுதியில் இலங்கை பற்றிய செய்தியொன்றைத் தருகின்றார். குளோடியஸ் பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54), காற்றினால் அலைப்புண்டு இத்தீவை அடைந்த ஒருவனிடமிருந்த தெனாரியஸ் என்னும் வெள்ளி நாணயங்களை இந்நாட்டு மன்னன் கண்டான், அவற்றில் பொறிக்கப்பட்ட உருவங்கள் வேறுபட்டிருப்பினும் எடை ஒன்றாகவே இருந்தமையால் உரோமரின் நேர்மையை வியந்தான் என்பது அச்செய்தி. இதில் உரோமரின் தற்பெருமை கலந்திருத்தல் கூடும். எனினும் மன்னன் எடையை நோக்கினான் என்பது கவனத்துக்குரியது. செம்பு வெள்ளியிலும் இலேசானது. ஆகவே வெள்ளி போர்த்த செப்பு நாணயம் கண்ணை ஏமாற்றினும் தராசை எளிதில் ஏமாற்றாது.

அத்தகைய நாணயங்கள் உரோமில் அக்காலத்துக்கு முன்னரே வழங்கின. செப்பு வில்லையொன்றை மெல்லிய வெள்ளித் தகட்டினாற் சுற்றிச் சூடேற்றுவர். வெள்ளியும் செம்பும் சந்திக்குமிடத்தில் உருவாகும் கலவை, அவ்விரு உலோகங்களும் தனித்தனியே உருகும் வெப்பநிலைக்குக் குறைவாகவே, ஏறத்தாழ 780 பாகை சதமளவில் உருகி, தகட்டினைச் செம்புடன் பற்றவைத்துவிடும். பின்னர் அச்சிட்டால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இவ்வளவு நுட்பமான உழைப்பு வீண் போகாதிருந்தமைக்குக் காரணம் ஒன்றே: அரச முத்திரையை மக்கள் நம்பினர். நம்பப்படாத நாணயத்துக்கு எவரும் முலாமிட முற்படார்.

அந்நம்பிக்கை குலைந்தபோது விளைந்த இடர் சிறிதன்று. கி.மு. 85 அளவில் தம் கையிலுள்ள பணத்தின் பெறுமதியை எவரும் அறியமுடியாத நிலை இருந்ததெனச் சிசரோ குறிப்பிடுகின்றார். நாணயத்தைச் சீர்செய்யும் கட்டளையைப் பிரீற்றர்களும் மக்கள் தீர்ப்பாளர்களும் கூடி வரைந்தனர். ஆனால் மாரியஸ் கிராத்திதியானஸ் என்னும் பிரீற்றர் ஏனையோரை முந்திச் சென்று தனியே அதனை அறிவித்துப் புகழனைத்தையும் தமதாக்கிக்கொண்டார். தெருக்கள்தோறும் அவருக்குச் சிலையெடுத்து மக்கள் தூபமிட்டனர். நாணயச் சோதனைக்காக ஒருவர் இவ்வாறு போற்றப்பட்டமை வரலாற்றில் அரிது. கி.மு. 82இல் சுல்லாவின் ஆட்கள் அவரைக் கொடூரமாகக் கொன்றனர். ஆயினும் அடுத்த ஆண்டளவில் கள்ள நாணயத்துக்கெதிரான சட்டத்தை இயற்றியவரும் அதே சுல்லாவே.

தனியார் செய்தபோது குற்றமெனப்பட்ட இச்செயலைப் பிற்காலத்தில் அரசே மேற்கொண்டது. கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையை இறாத்தலில் 84இல் ஒரு பங்கிலிருந்து 96இல் ஒரு பங்காகக் குறைத்துச் செம்பையும் கூட்டினான். 3ஆம் நூற்றாண்டில் போர்ச் செலவும் படையினரின் ஊதியமும் பெருக, வெள்ளி மேலும் மேலும் குறைந்தது. கலியேனஸ் ஆட்சியின் இறுதியில் (கி.பி. 268) 'வெள்ளி' நாணயத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இருக்கவில்லை. மேற்பரப்பில் மட்டும் மெல்லிய வெள்ளிப் பூச்சு மினுங்கியது. சில காலம் கைமாறியதும் அது தேய்ந்து செம்பு வெளிப்பட்டது. கள்ளன் வணிகனை ஏமாற்ற முலாமிட்டான். அரசு தன் படைவீரனுக்கே அதனை ஊதியமாக வழங்கியது.

இதன் விளைவை எகிப்தின் ஒக்சிரிங்கஸ் நகரிற் கிடைத்த கி.பி. 260ஆம் ஆண்டுப் பப்பிரசு ஏடொன்று காட்டுகின்றது. பேரரசரின் நாணயத்தை ஏற்க விரும்பாத நாணயமாற்று வணிகர் தம் கடைகளை மூடிவிட்டனர். கடைகளைத் திறந்து, வெளிப்படையான கள்ள நாணயம் தவிர்ந்த யாவற்றையும் ஏற்றுக்கொள்ளுமாறு அதிகாரி ஆணையிட்டார். எது கள்ளம், எது அரசுடையது என்பதை உலோகத்தைக் கொண்டு பிரித்தறிதல் அப்போது அவர்களுக்கு எளிதாயிருந்திராது.

இலங்கையில் சிகிரியா, அக்குறுகொட முதலிய இடங்களிற் பெருந்தொகையாகக் கிடைத்த உரோம நாணயங்கள் வெள்ளியுமல்ல, வெள்ளி முலாமிட்டனவுமல்ல. அவை பெரும்பாலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக் காசுகள். அவற்றைப் பின்பற்றி இங்கேயே வார்க்கப்பட்ட காசுகளும் செம்பாகவே புழங்கின.