மேற்கே மரம், கிழக்கே நீர்: பெரியாறும் பரம்பிக்குளமும் காட்டும் நிலமயக்கம்

திணைகள் தம்முள் மயங்குதல் விலக்கப்பட்டதன்று. ஆயின் இரு நிலங்கள் ஓரிடத்து மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் வரையறை. இது செய்யுள் மரபு பற்றியதேயன்றிப் புவியியல் விதியன்று. எனினும் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழக எல்லையோர மலைகளில் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால் அவ்வரையறை புதிய பொருள் பெறுகிறது. அங்கு நிலங்களை மயங்கச் செய்தது பொறியாளரின் வரைபடம்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருடையதன்று. இராமநாதபுரம் அரசின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனை ஆராயச் செய்தார். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் அது இயலாததென ஒதுக்கினார். 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்திற்குப் பின்னரே அரசு முனைந்தது. ஜான் பென்னிகுவிக்கின் திட்டம் செயலுக்கு வந்தது. நிலப்படத்தில் மலைமுகடு ஒரு கோடு மட்டுமே. அதன் இருபுறத்து ஆறுகளும் தம்முள் தொடர்பற்றவை. அதே மலையைக் குறுக்குவெட்டாக வரைந்தால் வேறோர் உண்மை புலப்படும். மேற்கிலுள்ள பெரியாற்றுப் பள்ளத்தாக்கு கிழக்கிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கினும் மிக உயரத்தில் அமைந்துள்ளது. ஆகவே 155 அடி உயர அணையால் ஆற்றை மறித்து, நீர்மட்டத்தை உயர்த்தி, முகட்டினூடே ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கம் குடைந்தால் நீர் தானே கிழக்கே இறங்கும். 1895 அக்டோபரில் அவ்வாறே இறங்கியது. குறிஞ்சியின் நீர் வைகை வழியே மதுரை மருதத்தை நனைத்தது.

மதுரைப் பகுதி உழவர் பெற்ற நன்மை மறுக்கவியலாதது. ஆயினும் 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தம் நுணுகி நோக்கத்தக்கது. 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்பது அதன் கணக்கு. வாடகை நீர் தேங்கும் நிலத்திற்கே. கிழக்கே செல்லும் நீரின் அளவு அக்கணக்கில் இடம்பெறவில்லை. மூழ்கிய காடும் இல்லை. தேக்கடி ஏரியின் நடுவே அக்காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன.

வடக்கே, ஆனைமலைத் தொடரில், ஓட்டம் எதிர்த்திசையில் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல்தளத்திற்குச் சென்றது. மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. அத்தொடரின் பரம்பிக்குளக் காடு கொச்சி அரசிற்குரியது. அதனைச் சாலக்குடி இருப்புப்பாதையோடு இணைக்கக் கொச்சி அரசு ஏறக்குறைய 50 மைல் நீள டிராம் பாதை அமைத்தது. 1907இல் அது இயங்கத் தொடங்கியது. சாலக்குடியிலிருந்து மரம் கொச்சித் துறைமுகத்தை எட்டியது. குறிஞ்சியின் மரம் நெய்தலுக்குப் போயிற்று.

இப்பாதையின் வடிவமைப்பு வியக்கத்தக்கது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் பயன்படவில்லை. மரம் ஏற்றிய வண்டிகள் தம் எடையால் இறங்க, வடத்தின் மறுமுனையில் கட்டப்பட்ட வெற்று வண்டிகள் மேலேறின. சரிவும் சுமையுமே விசையாயின. காட்டை வெட்ட வெட்டத்தான் இவ்விசை கிடைக்கும் என்பதும் இதனுள் அடங்கியிருந்தது. மேலே சுமை இல்லையேல் கீழுள்ள வண்டி அசையாது. காடர், மலசர் முதலிய தொல்குடியினரின் வாழிடத்தின் ஊடே இவ்வழி சென்றது. அம்மலை அவர்களுக்கு வாழிடம்; வரைபடத்திற்கோ ஒரு தொடக்கப் புள்ளி.

டிராம் பாதை 1963இல் மூடப்பட்டது. அதே பள்ளத்தாக்கு மற்றொரு வரைபடத்திலும் இடம்பெற்றது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின்படி அங்கு அணை எழுந்தது. மேற்கே பாய்ந்த நீர் சுரங்கங்கள் வழியே தூணக்கடவு, சர்க்கார்பதி கடந்து கிழக்கே திரும்பியது. இதற்கான ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 முதற்கொண்டு செல்லுபடியாயிற்று. பென்னிகுவிக்கின் கோட்பாட்டை விடுதலைக்குப் பிந்தைய இரு மாநிலங்களும் ஏற்றுத் தொடர்ந்தன எனலாம். இன்று பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் உள்ளது; அதன் அணையை இயக்குவது தமிழ்நாடு; அவ்வூருக்குச் சாலைவழிச் செல்வோர் சேத்துமடை வழியே தமிழகத்தைக் கடந்தே செல்ல வேண்டும்.