எரித்த கையே எழுதியது!

1930, ஏப்ரல் 18. மாஸ்கோ. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார் மிகயீல் புல்ககோவ். டெலிபோன் அடித்தது. எடுத்த மனைவி ஓடி வந்து எழுப்பினார். கட்சியின் மத்தியக் கமிட்டியிலிருந்து பேசுகிறார்களாம்!

எவனோ விளையாடுகிறான் என்றுதான் புல்ககோவ் நினைத்தார். எரிச்சலோடு ரிசீவரை வாங்கினார். மறுமுனையில் ஜார்ஜிய வாடை அடிக்கும் ரஷ்ய மொழியில் ஒரு குரல்... ஸ்டாலின்!

புல்ககோவ் அப்போது 38 வயது எழுத்தாளர். எழுத்தாளர் என்று சொல்வதுகூடச் சம்பிரதாயத்துக்குத்தான். அவருடைய நாடகங்கள் அத்தனையும் தடை செய்யப்பட்டிருந்தன. கதைகளை அச்சிட ஆளில்லை. சல்லிக்காசு வருமானம் கிடையாது. மூன்று வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 28 அன்று, சோவியத் அரசுக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தில் காலில் விழுந்திருப்பார்கள். இவர் விழவில்லை. பத்து வருடங்களில் தன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களை வெட்டி ஒட்டி, எண்ணி வைத்திருந்தார் மனுஷன். மொத்தம் 301. பாராட்டியவை 3. திட்டியவை 298! கணக்கை அப்படியே எழுதிவிட்டு, என்னை இங்கே எழுத விடமாட்டீர்கள் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அதுவும் முடியாதென்றால் தியேட்டரில் ஒரு வேலை கொடுங்கள், டைரக்டர் வேலை இல்லையா, கூட்டத்தில் நிற்கும் துணை நடிகன் வேலை கொடுங்கள், அதுவும் இல்லையா, மேடைக்குச் சாமான் தூக்கும் வேலையாவது கொடுங்கள் என்று முடித்திருந்தார்.

அதே கடிதத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. சாத்தானைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன், அதை என் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன் என்று.

போனுக்கு வருவோம். எங்களைப் பார்த்துச் சலித்துவிட்டதா, நிஜமாகவே வெளிநாடு போக வேண்டுமா என்று கேட்டார் ஸ்டாலின். புல்ககோவ் தடுமாறிப்போனார். ஒரு ரஷ்ய எழுத்தாளன் தாய்நாட்டுக்கு வெளியே வாழ முடியுமா என்று சமீபகாலமாக யோசிக்கிறேன், முடியாதென்றே தோன்றுகிறது என்று அவர் வாயிலிருந்து வந்தது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றார் ஸ்டாலின். மாஸ்கோ ஆர்ட் தியேட்டரில் வேலைக்கு மனுப் போடுங்கள், ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்... அவ்வளவுதான். நாம் ஒருநாள் சந்தித்துப் பேச வேண்டும் என்ற வார்த்தையும் வந்தது. அந்த ஒருநாள் கடைசி வரை வரவே இல்லை.

சில நிமிஷப் பேச்சு. வெளியே போகிறேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று புல்ககோவ் சாகும் வரை தன்னைத் தானே நொந்துகொண்டார்.

இவருக்குப் போய் ஸ்டாலின் ஏன் போன் செய்தார்? இரண்டு காரணங்கள் சொல்லலாம். நான்கு நாட்களுக்கு முன்புதான் கவிஞர் மாயகோவ்ஸ்கி தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். போன் வந்ததற்கு முதல் நாள்தான் இறுதிச் சடங்கு; பெருங்கூட்டம் திரண்டிருந்தது. இன்னொரு எழுத்தாளரும் அதே வழியில் போனால் ஆட்சியின் மானம் கப்பலேறும். இரண்டாவது காரணம்தான் விசித்திரம். ஸ்டாலின், புல்ககோவின் ரசிகர்! புரட்சிக்கு எதிரான வெள்ளைப் படையினரின் குடும்பம் ஒன்றை மனிதர்களாகக் காட்டிய 'டர்பின்களின் நாட்கள்' நாடகம் 1926 அக்டோபரில் ஆர்ட் தியேட்டரில் அரங்கேறியது. ஸ்டாலின் அதை 15 தடவைக்குக் குறையாமல் பார்த்தார் என்கிறது தியேட்டர் கணக்கு. ரசிப்பதும் அவரே... தடையை அனுமதிப்பதும் அவரே. 1932ல் அதே நாடகம் திடீரென்று மறுபடி மேடையேறியது. ஏன் நிறுத்தினார்கள், ஏன் விட்டார்கள் என்று எழுதியவருக்கே யாரும் விளக்கம் சொல்லவில்லை.

கொடுத்த வாக்குப்படி வேலை கிடைத்தது. உதவி டைரக்டர். சம்பளம் வந்தது. ஆனால், எழுதியதில் ஒரு வரிகூட அச்சேறவில்லை. மோலியேரைப் பற்றி எழுதிய நாடகம், வருடக்கணக்கான ஒத்திகைக்குப் பிறகு 1936ல் மேடைக்கு வந்து, ஏழே காட்சிகளில் நின்றது. ராஜாவின் தயவில் வாழும் கலைஞன் என்ன ஆவான் என்பதுதான் அந்த நாடகத்தின் கதை. 'பிராவ்தா'வில் ஒரு கட்டுரை வந்தது. கதை முடிந்தது!

இதற்கிடையில், எரித்த நாவலை மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார். மூன்றாவது மனைவி எலெனா பக்கத்தில் இருந்தார். செம்படையின் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவியாக வசதியாக வாழ்ந்தவர், அதையெல்லாம் உதறிவிட்டு 1932ல் இந்தச் சோத்துக்குச் சிங்கியடிக்கும் எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாவலுக்குள்ளும் அவர் வந்துவிட்டார், மார்கரீட்டாவாக!

'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலைப் படித்தவர்களுக்குக் கதை தெரியும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மாஸ்கோவுக்குச் சாத்தான் வருகிறான், வோலண்ட் என்ற பெயரில், சர்க்கஸ் கோஷ்டி மாதிரி ஒரு பரிவாரத்தோடு. அதில் ஒன்று ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பூனை. அதே ஊரில் 'மாஸ்டர்' என்று மட்டுமே அழைக்கப்படும் எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்த பிலாத்துவைப் பற்றி நாவல் எழுதியவர். விமர்சகர்கள் கும்பலாகச் சேர்ந்து குதறியதில் பயந்துபோய், பிரதியை அடுப்பில் போட்டுவிட்டு மனநல மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தவர். அவரை மீட்க அவருடைய காதலி மார்கரீட்டா சாத்தானிடம் ஒப்பந்தம் போடுகிறாள். சூனியக்காரியாகித் துடைப்பத்தில் பறந்துபோய் முதல் காரியமாக அந்த விமர்சகரின் வீட்டைத் தேடிப்பிடித்து அடித்து நொறுக்குகிறாள். (298 விமர்சனங்கள் வாங்கிய ஒருவர் அந்த அத்தியாயத்தை எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருப்பார்!) கடைசியில், எரிந்து சாம்பலான அந்தப் பிரதியைச் சாத்தான் முழுசாக எடுத்துக் கொடுக்கிறான். அப்போது அவன் சொல்வது, எழுத்தை நெருப்பு ஒன்றும் செய்யாது என்கிற பொருளில் ஒரு சின்ன வாக்கியம். ரஷ்யாவில் அது இன்று பழமொழி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜமா?

இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஐசக் பாபேல் என்று மகத்தான ஒரு சிறுகதைக்காரர். 1939 மே மாதம் கைது செய்தபோது அவருடைய கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். 1940 ஜனவரியில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அந்தப் பிரதிகள் இன்று வரை கிடைக்கவில்லை. காகிதம் எரியும். சாம்பலாகும். எந்தச் சாத்தானும் வந்து எடுத்துத் தர மாட்டான்.

ஆனால், புல்ககோவ் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1926 மே மாதம் ரகசியப் போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டு, 'நாயின் இதயம்' குறுநாவலையும் அவருடைய டைரியையும் எடுத்துக்கொண்டு போனது. திருப்பித் தரச் சொல்லி மனு மேல் மனுவாகப் போட்டார். கார்க்கியும் சிபாரிசுக்கு வந்தார். மூன்று வருடங்கள் கழித்து டைரி திரும்ப வந்தது. அந்நியர் விரல் பட்ட அந்த நோட்டுகளைப் புல்ககோவ் எரித்துப்போட்டார். அதோடு டைரி எழுதுவதையே விட்டுவிட்டார். பின்னாளில் வீட்டு நடப்புகளை எழுதி வைத்தது எலெனாதான். சரி, அந்தப் பழைய டைரி? சோவியத் யூனியனின் கடைசிக் காலத்தில் கே.ஜி.பி. ஆவணக் காப்பகத்தைத் துழாவியபோது அது பத்திரமாக இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு போலீஸ்காரர்கள் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள்! எழுதியவரே எரித்ததை, அவரை வேவு பார்த்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

1930ல் அடுப்பில் போட்ட முதல் நாவலும் முழுசாகப் போகவில்லை. நோட்டின் பக்கங்களைக் கிழித்தபோது தையல் ஓரமாகத் துண்டுகள் மிஞ்சின. வரிகளின் தலையோ வாலோ மட்டும் நிற்கும் அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு, எரிந்ததில் கொஞ்சத்தை மீட்டெடுத்தார் மரியெட்டா சுடகோவா என்ற ஆய்வாளர்.

1938 கோடையில் நாவலை மெஷினில் அடிக்க உட்கார்ந்தார்கள். அடித்தவர் எலெனாவின் அக்கா ஓல்கா, ஆர்ட் தியேட்டரில் காரியதரிசி. படு கறார். 327 பக்கங்கள் டைப் செய்த அந்த அம்மாள் ஒரே ஒரு தடவைதான் சிரித்தார், அதுவும் 245ஆம் பக்கத்தில் என்று ஊருக்குப் போயிருந்த எலெனாவுக்கு எழுதுகிறார் புல்ககோவ். உலகம் விழுந்து விழுந்து சிரிக்கப்போகும் நாவலின் முதல் வாசகி!

இனி வருவது, புல்ககோவை நேசிப்பவர்கள் வேகமாகக் கடந்துபோக விரும்பும் பகுதி. 1939 டிசம்பரில் ஸ்டாலினுக்கு 60ஆவது பிறந்தநாள். அதற்காக ஒரு நாடகம் எழுதித் தரும்படி ஆர்ட் தியேட்டர் கேட்டது. புல்ககோவ் எழுதினார். 'பாத்தூம்'. இளம் ஸ்டாலினின் புரட்சி வாழ்க்கை. கோழைத்தனத்தைவிடப் பெரிய பாவம் இல்லை என்று பிலாத்துவின் கதையில் எழுதி வைத்திருக்கும் அதே ஆள்!

பிழைப்புக்காகவா? நாவலை வெளியிட வழி பிறக்கும் என்றா? அந்த டெலிபோன் குரல் மறுபடி ஒருமுறை கேட்காதா என்ற நப்பாசையா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். சொகுசாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவருக்குத் தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால், பிலாத்துவை எழுதும்போது அவர் யாரையோ எட்டி நின்று பார்த்து எழுதவில்லை என்பது மட்டும் புரிகிறது.

ஆகஸ்ட் 14. நாடகத்துக்கான களத்தைப் பார்ப்பதற்காகத் தியேட்டர்காரர்களோடு ஜார்ஜியாவுக்கு ரயில் ஏறினார்கள். இரண்டு மணி நேரம் போயிருக்கும். செர்புகோவ் ஸ்டேஷனில் தந்தி வந்தது. பயணம் தேவையில்லை, மாஸ்கோ திரும்புங்கள்! துலாவில் இறங்கி, ஒரு காரைப் பிடித்து இருட்டோடு இருட்டாக வீடு திரும்பினார்கள். ஸ்டாலினை ஒரு கதாபாத்திரமாக்கி வசனம் பேச வைக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். நாடகத்தின் மூலம் பாலம் போடப் பார்க்கிறார் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டதையும் எலெனா டைரியில் குறித்து வைத்திருக்கிறார். அடிபணிந்தும் பலன் இல்லை. கெட்ட பெயர்தான் மிச்சம்.

அடுத்த சில வாரங்களிலேயே பார்வை மங்கத் தொடங்கியது. சிறுநீரக நோய். அப்பா செத்ததும் அதே நோயில்தான். புல்ககோவ் படித்தது டாக்டருக்கு. தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஒவ்வொரு கட்டமாக அவருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக நாவலைத் திருத்தினார். எலெனா வாசிக்க வாசிக்க, அவர் சொல்லச் சொல்ல, எலெனா எழுதினார். 1940 பிப்ரவரி 13 வரை இது நடந்தது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். வயது 48. மறுநாள் ஸ்டாலினின் காரியாலயத்திலிருந்து போன் வந்ததாகவும், தோழர் புல்ககோவ் இறந்தது உண்மைதானா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டதாகவும் அவருடைய நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அதன்பின் 26 வருடங்கள் அந்த டைப் பிரதியை எலெனா காபந்து பண்ணினார். யுத்தத்தின்போது தாஷ்கண்டுக்குப் போனபோதும் அது கூடவே போனது. 'மாஸ்க்வா' பத்திரிகையின் 1966 நவம்பர் இதழிலும் 1967 ஜனவரி இதழிலும் நாவல் வெளிவந்தது, தணிக்கைக் கத்தரியில் எட்டில் ஒரு பங்கைப் போல் இழந்து. அச்சிட்ட ஒன்றரை லட்சம் பிரதிகளும் பறந்தன. வெட்டிய பகுதிகளை மெஷினில் அடித்து, கையோடு கையாகப் பரிமாறி, இதழின் பக்கங்களுக்கு இடையே செருகிவைத்துப் படித்தார்கள் வாசகர்கள். வெட்டில்லாத பதிப்பு சோவியத்தில் வந்தது 1973ல். எலெனா 1970லேயே போய்விட்டார்.

புல்ககோவின் கல்லறை நொவொடெவிச்சி மயானத்தில் இருக்கிறது. வெகுகாலம் அதன் மேல் கல்லே இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஒரு நல்ல கல் தேடி, கல் தச்சர்களின் கொட்டடிக்கு எலெனா போனார். கழித்துக் கட்டிய கற்களுக்கு நடுவே, கரடுமுரடாக ஒரு கறுப்புப் பாறை கிடந்தது. என்ன இது என்று கேட்டார். கோகோலின் கல்லறை மேல் இருந்த கல் என்றார்கள். 1931ல் கோகோலின் எலும்புகளை வேறு மயானத்திலிருந்து இங்கே மாற்றி, பிறகு புது நினைவுச் சின்னம் வைத்தபோது, பழைய கல்லைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம்.

நிகொலாய் கோகோல், புல்ககோவின் மானசீக குரு. 1852 பிப்ரவரியில் ஓர் இரவு, 'செத்த ஆத்மாக்கள்' நாவலின் இரண்டாம் பாகத்தைத் தன் கையாலேயே எரித்துவிட்டு, பத்தே நாளில் இறந்துபோனவர்.

எலெனா அந்தக் கல்லையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன் அடியில்தான் இன்று இருவரும் இருக்கிறார்கள்.