காற்றின் தராசு

தென்றல், வாடை, கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வழங்கியவர் தமிழர். இப்பெயர்களைத் தமிழ்ப் பாடத்தில் ஒப்பிக்கும் மாணவன், அறிவியல் பாடத்தில் பருவக்காற்றைப் படிக்கின்றான். இரண்டையும் இணைத்துக் காட்டுவார் சிலரே. சில ஆண்டுகளில் அக்காற்று மழையைக் கொணராது ஏமாற்றுவது ஏன் என்னும் வினாவுக்கு விடைகாண மனிதர் பட்ட பாடோ, இரு பாடங்களிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அவ்வரலாறு ஒரு பஞ்சத்தோடு பிணைந்தது. 1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்று இந்தியா முழுவதையுமே கைவிட்டது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நாவில் நிலைத்துவிட்ட அக்கொடுமையில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கு மேல் என மதிப்பிடுவர். பசிக்கு அஞ்சி இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியோர் பலர். வானத்தை மட்டும் பழிப்பது முறையன்று. மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் தானியத்தை ஏற்றுமதி செய்ய இடமளித்த ஆட்சிக்கும் அப்பழியில் பங்குண்டு.

1875இல்தான் இந்திய வானிலைத் துறை தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்தால் அடுத்துவரும் பருவமழை குறையும் என 1884இல் எழுதினார். அவ்விதி சில ஆண்டுகளே கைகொடுத்தது.

1904இல் அப்பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், வானிலை பயின்றவர் அல்லர். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். பூமராங் எறிவதில் அவருக்கிருந்த பேரார்வத்தைச் சிறுவர்களுக்குச் சொன்னால் அவரை மறக்கமாட்டார்கள். 1913இல் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தபோது அங்கு எழுத்தராக இருந்த இராமானுசனின் கணிதக் குறிப்புகளைக் கண்டு, அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு மடல் எழுதியவரும் இவரே. உலகின் பல மூலைகளில் பதிவான மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றின் எண்களைத் திரட்டி, எது எதனோடு இணைந்து மாறுகின்றது என ஆராய்ந்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர்கள் அவற்றைக் கையாலேயே கணக்கிட்டனர். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் இறங்குகின்றது. இங்கு ஏறினால் அங்கு இறங்குகின்றது. தராசுத் தட்டுகள் போன்ற இவ்வசைவுக்கு 1924இல் அவர் தென் ஊசல் எனப் பெயரிட்டார். ஆயினும் பருவமழையை முன்கூட்டித் திட்டமாக உரைக்கவேண்டும் என்ற அவர் நோக்கம் நிறைவேறவில்லை. ஊசலை ஆட்டுவது எது என்பதை எண்கள் கூறவில்லை.

விடையின் ஒரு பாதி பெரு நாட்டு மீனவரிடம் இருந்தது. நெத்திலி மிகுந்த அவர்களது குளிர்ந்த கடலில், சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸையொட்டி வெந்நீரோட்டம் புகும், மீன் குறையும். குழந்தை இயேசுவைக் குறித்து அதனை எல் நினோ என்றனர். வாக்கர் மறைந்தது 1958இல். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1969இல், நார்வே மரபினரான யாக்கோப் பியர்க்னெஸ் இவ்விரு பாதிகளையும் பொருத்தினார். காற்றை ஆய்ந்தவர் கடலைப் பாராமலும், கடலை அறிந்தவர் காற்றை அளக்காமலும் அத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனை வகுப்பில் விளக்க ஒரு நீளத் தட்டும் நீரும் போதும். ஒரு முனையிலிருந்து ஊதினால் நீர் மறுமுனையில் சற்றே உயரும். ஊதுவதை நிறுத்தினால் திரும்பி வழியும். கிழக்கிலிருந்து வீசும் காற்று பசிபிக்கின் வெந்நீரை இவ்வாறே இந்தோனேசியப் பக்கம் ஒதுக்குகின்றது. அங்குக் கடல்மட்டம் பெருவின் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். வெந்நீர் உள்ள இடத்தில் காற்று மேலெழுந்து முகிலாகி மழை பொழிகின்றது. கிழக்குக் காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே நகர, மழையும் உடன் நகர்கின்றது. நம் தீவுகள் வறள்கின்றன. கடல் சூடாவதால் காற்று மேலும் தளர்கின்றது. காற்று தளர்வதால் கடல் மேலும் சூடாகின்றது.

1877இலும் கடுமையான எல் நினோ நிலவியதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1994இல் பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ எழுபது அளவை மிதவைகள் நிறுவி முடிக்கப்பட்டதால், 1997இன் பெரிய எல் நினோ வளர்ந்ததை அறிஞர் நாள்தோறும் கண்டனர். அவ்வாண்டு நிலம் திருத்த இந்தோனேசியாவில் மூட்டிய தீ வறட்சியால் அடங்காது பரவ, புகைமூட்டத்தால் செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. இந்தியாவிலும் பெரும் வறட்சி வரும் என அஞ்சினர். ஆனால் அவ்வாண்டு இந்தியப் பருவமழை பொய்க்கவில்லை. வழக்கமான அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே பெய்தது.