விரத நாள் புட்டிங்கும் விமானத்து அடுப்பும்

1727இல் லண்டனில் ‘தி கம்ப்ளீட் ஹவுஸ்வைஃப்’ என்றொரு சமையல் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் எலைசா ஸ்மித். பெரிய மனிதர்களின் வீடுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்தப் புத்தகத்தில் பிரெட் பட்டர் புட்டிங்குக்கு ஒரு குறிப்பு இருக்கிறது, அதுவும் விரத நாட்களுக்கென்று. இரண்டு பென்னி ரொட்டி ஒன்று, வெண்ணெய் ஒரு பவுண்டு (கிட்டத்தட்ட அரைக் கிலோ), கிரீம் மூன்று பைண்ட், பத்து முட்டையின் மஞ்சள் கரு, ஏறக்குறைய அரைப் பவுண்டு சர்க்கரை, அரைப் பவுண்டு உலர்திராட்சை, அதற்கு மேல் கரன்ட் எனும் சிறு கருந்திராட்சை ஒரு பவுண்டு, ஒரு முழு ஜாதிக்காய், ஆரஞ்சுப் பூப் பன்னீர். பாத்திரத்தின் அடியில் விரிக்க வெண்ணெய் சேர்த்த மாவு வேறு. விரதம் என்றால் மாமிசம் மட்டும்தான் விலக்கு. பாலுக்கும் முட்டைக்கும் தடையில்லை. ஏகாதசிக்குப் ‘பலகாரம் மட்டும்’ சாப்பிடுகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

பிரெட் புட்டிங்கின் கதையை எடுத்தாலே ‘ஏழைகளின் இனிப்பு’ என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. காய்ந்த ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிட்ட ஏழைகள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். ஆனால் அதையெல்லாம் யார் எழுதிவைத்தார்கள்? அச்சேறியது சீமாட்டிகளின் சமையலறை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ‘வொயிட் பாட்’ என்று ஒன்று உண்டு. கிரீம், முட்டை, மசாலா, திராட்சை, ரொட்டி எல்லாம் சேர்த்துச் சுடுவது. இன்றைய பிரெட் புட்டிங்குக்கு அதைப் பாட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். அதில் விழுந்த ஜாதிக்காய், டச்சுக் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்த பாண்டா தீவுகளிலிருந்து வந்தது. சர்க்கரை, கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. இதை ஏழையின் தட்டு என்பது கொஞ்சம் கூச்சமில்லாத பேச்சு.

‘இரண்டு பென்னி ரொட்டி’ என்று எலைசா எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் ரொட்டிக்குச் சட்டம் இருந்தது. விலையை அப்படியே வைத்துக்கொண்டு, கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடையைக் குறைப்பார்கள், இறங்கினால் கூட்டுவார்கள். அதனால் அந்தக் காலத்துச் சமையல் குறிப்பில் ரொட்டிக்கு எடை கிடையாது, காசுதான். பஞ்ச காலத்தில் அதே குறிப்பைப் பார்த்துச் செய்தால் புட்டிங்கில் ரொட்டி குறைந்திருக்கும், கிரீம் தூக்கலாக இருந்திருக்கும்.

அடுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகிற ஏர் ஃப்ரையருக்கு அது தேவை. அன்றைய ஓவன் என்பது செங்கல் குகை. உள்ளேயே விறகை எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் சாம்பலை வழித்தெடுத்துவிட்டு, கல் சேமித்துவைத்த சூட்டில் வேகவைப்பார்கள். முதல் சூட்டில் ரொட்டி. சற்றுத் தணிந்ததும் பை வகைகள். கடைசியாக, இதமான சூட்டில் முட்டையும் பாலும் சேர்ந்த பண்டங்கள். புட்டிங் பிறந்ததே இறங்குகிற சூட்டில்தான். அமெரிக்காவில் 1796இல் அமீலியா சிமன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’யிலும் பிரெட் புட்டிங் உண்டு, ஏழு முட்டை, பன்னீர், திராட்சை போட்டு, நடுத்தரச் சூட்டில் முக்கால் மணி நேரம் சுடச் சொல்கிறார். நடுத்தரம் என்றால் எத்தனை டிகிரி? அதைக் கைதான் சொல்ல வேண்டும். 1923இல் இங்கிலாந்தில் ‘ரெகுலோ’ என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழ் கேஸ் அடுப்புக்கு வந்த பிறகுதான் சாதாரண வீட்டுக்காரர் சூட்டை எண்ணால் திருப்ப முடிந்தது.

சிக்கன உணவு என்ற பெயர் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில். 1861இல் இங்கிலாந்தில் வந்த மிசஸ் பீட்டனின் பிரம்மாண்டமான சமையல் புத்தகம், ஒவ்வொரு பண்டத்துக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அவருடைய பிரெட் பட்டர் புட்டிங்கில் வெண்ணெய் தடவிய மெல்லிய துண்டுகள் ஒன்பது, முட்டை நான்கு, பால் ஒன்றரை பைண்ட். கிரீம் போய்விட்டது, பத்து மஞ்சள் கரு போய்விட்டது. மாதச் சம்பளக் குடும்பத்தின் கைக்குப் புட்டிங் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சரி, ஏன் பழைய ரொட்டி? ‘காய்ந்திருப்பதால் பாலை உறிஞ்சும்’ என்பது எல்லோரும் சொல்கிற பதில். 1852இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஈரம் துளியும் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் ரொட்டி பழசாகிறது; அதையே மறுபடி சூடாக்கினால் இளகுகிறது என்று கண்டார். அதாவது ரொட்டி பழசாவதும் காய்வதும் ஒன்றல்ல. வேகும்போது குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகி அடுக்காகிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும். அப்படி இறுகின துண்டு பாலில் ஊறினாலும் கரைந்து கூழாகாது, உருவம் நிற்கும். அன்று வாங்கிய பஞ்சு பிரெட்டில் புட்டிங் செய்தால் பாயசத்துக்கும் களிக்கும் நடுவே ஏதோ ஒன்று கிடைக்கும்.

உலகம் முழுக்க பிரெட் புட்டிங்குக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. எகிப்தில் உம் அலி, மெக்ஸிகோவில் தவக்காலத்துக்குச் செய்கிற காபிரோதாதா, ஹைதராபாத்தில் டபுள் கா மீட்டா, நம் ஊர் கல்யாண பிரியாணிக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற பிரெட் அல்வா. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் விஸ்கி சாஸ் ஊற்றித் தருவார்கள். அது தனிக் கதை.

இப்போது ஏர் ஃப்ரையர் என்ற கருவி. அதன் வேரைத் தேடினால் யுத்த விமானம் ஒன்றில் போய் நிற்போம்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் கடல் கடந்து பறந்த அமெரிக்கப் படையினருக்கு விமானத்தில் கிடைத்தது ஆறிப்போன சாப்பாடு. வில்லியம் மாக்ஸன் என்ற நியூயார்க் கண்டுபிடிப்பாளர் இதற்கு வழி தேடினார். எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற நான்கு துப்பாக்கிச் சுழல்மேடையைத் தயாரித்த கம்பெனி அவருடையது. அதே ஆள்தான் மாமிசத்தையும் காய்கறியையும் தனித்தனிக் குழியுள்ள தட்டில் வைத்து உறையவைத்து, ‘ஸ்டிராட்டோ பிளேட்’ என்று பெயரிட்டார். உறைந்ததைப் பறக்கும்போதே சூடாக்க வேண்டுமே! அதற்காக 1945இல் ‘வேர்ல்விண்ட் ஓவன்’ என்ற சூறாவளி அடுப்பைச் செய்தார். ஒரு சிறு பெட்டி, உள்ளே வெப்பக் கம்பி, சூட்டை விசிறியடிக்க ஒரு மின்விசிறி. ஒரே நேரத்தில் ஆறு தட்டுகள், கால் மணி நேரத்தில் தயார். பெட்டிக்குள் சும்மா நிற்கிற சூடான காற்று உணவைத் தொட்டதும் குளிர்ந்து ஒரு போர்வை மாதிரி சுற்றிக்கொள்கிறது. விசிறி அந்தப் போர்வையை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும், புதுச் சூடு வந்து மோதும். விசிறி வைத்த ஓவன்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். 1947இல் மாக்ஸன் இறந்துபோனார். அவருடைய தட்டுகள் கடைக்கு வரவேயில்லை. சில வருஷம் கழித்து, டிவி டின்னர் என்று வேறொருவர் அதில் பணம் பார்த்தார்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் விசிறி ஓவன் பேக்கரிக்கும் பெரிய சமையலறைக்கும் போய்ச் சேர்ந்தது. அதைச் சுருக்கி மேடைமேல் உட்காரவைத்தவர் ஃப்ரெட் வான் டெர் வேய் என்ற டச்சுக்காரர். உருளைக்கிழங்கு வறுவலை எண்ணெய்ச் சட்டி இல்லாமல் மொறுமொறுப்பாகச் செய்ய முடியாதா என்பது அவருடைய கவலை. நெதர்லாந்தில் அது தேசியக் கவலை! மரம், அலுமினியம், கோழிவலை கொண்டு முதல் மாதிரியைக் கட்டினார். பிலிப்ஸ் நிறுவனம் அந்த யோசனையை வாங்கி, 2010இல் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில் ‘ஏர் ஃப்ரையர்’ என்று காட்டியது. முட்டை வடிவக் கறுப்புப் பெட்டி, இழுத்தால் வரும் கூடை. அதில் எண்ணெய் கொதிப்பதே இல்லை. தலைமேல் சூட்டுக்கம்பி, அதற்கும் மேலே விசிறி. உள்ளே மிகக் கொஞ்சம் இடம் என்பதால் சூடு சட்டென்று ஏறுகிறது.

எண்ணெயைக் குறைக்க வாங்கியவர்கள் ஒருபுறம். 2022இல் பிரிட்டனில் மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் தாறுமாறாக ஏறியபோது, பெரிய ஓவனைப் போடப் பயந்து இதை வாங்கியவர்கள் இன்னொரு புறம். மீந்த ரொட்டியை வீணாக்காத பண்டமும் மின்சாரத்தை வீணாக்காத பெட்டியும் சந்தித்தது அந்தக் குளிர்காலத்து வீடுகளில் என்றால் மிகையில்லை. கிறிஸ்துமஸ் வேறு. அன்று அங்கெல்லாம் வீட்டு ஓவனைக் காலையிலிருந்து வான்கோழி பிடித்துக்கொள்ளும். இனிப்புக்கு இடமில்லை. மேடையில் சும்மா நிற்கிற ஏர் ஃப்ரையருக்குள் புட்டிங் போனது அதனால்தான். மறுநாள் மீந்த பானெட்டோனி கேக் ரொட்டியும் அதே வழியில் போகும்.

ஆனால் போன வேகத்தில் அது கருகவும் செய்யும். காரணம் எளிது. முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்த கலவை உள்ளே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் இறுகுகிறது. 90ஐ நெருங்கினால் திரிந்து தண்ணீர் விடுகிறது. மேல்பகுதி பொன்னிறமாக வேண்டுமென்றால் அதற்கு 140க்கு மேல் வேண்டும். செங்கல் குகையில் சூடு நாலாபக்கமும் நிதானமாக வந்தது. இங்கே நேராக உச்சந்தலையில் அடிக்கிறது. மேலே கறுத்து, நடுவில் பச்சை முட்டை நாற்றம் அடிக்கிற புட்டிங் வராமல் இருக்கச் சில காரியங்கள் செய்ய வேண்டும்.

ஆறு அங்குல கேக் டின், அல்லது அதே அளவு எவர்சில்வர் கிண்ணம். ஆழம் குறைவாக இருப்பது நல்லது. பழைய பிரெட் ஐந்தாறு துண்டு, இருபுறமும் வெண்ணெய் தடவி முக்கோணமாக வெட்டி, சாய்த்துச் சாய்த்து அடுக்குங்கள். பால் கால் லிட்டர், கை பொறுக்கும் சூட்டில். அதில் இரண்டு முட்டை, ஐம்பது கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஜாதிக்காய் துருவியது, பட்டைத்தூள் கொஞ்சம் கலந்து, வடிகட்டி, ரொட்டியின் மேல் ஊற்றுங்கள். எலைசா அம்மாள் ஓவனுக்குள் வைக்கப்போகும் நேரத்தில்தான் ஊற்றச் சொன்னார். ஏர் ஃப்ரையரில் அது நடக்காது. ஊறாத ரொட்டி மேலே வறண்டு டோஸ்ட் ஆகிவிடும். இருபது நிமிஷமாவது ஊறட்டும், நடுவில் கரண்டியால் லேசாக அமுக்கிவிடுங்கள். திராட்சையை அடுக்குகளுக்கு இடையே ஒளித்துவையுங்கள். மேலே கிடப்பது கசப்புக் கரியாகும்.

அலுமினியத் தாளால் மூடி, விளிம்புக்குக் கீழே இறுக்கி மடிக்க வேண்டும். தளர்வாக விட்டால் விசிறி அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டிவிடும். கனமில்லாமல் தனியாகக் கிடக்கிற பட்டர் பேப்பருக்கும் இதே கதிதான். 160 டிகிரியில் சுமார் இருபத்தைந்து நிமிஷம். பிறகு தாளை எடுத்துவிட்டு 150இல் ஆறேழு நிமிஷம், பக்கத்திலேயே நின்று. பெட்டிக்குப் பெட்டி சூடு மாறும், அதனால் கண்ணை நம்புங்கள். ஓரங்கள் உப்பி, வெண்ணெய் விளிம்பில் சின்னக் குமிழாகப் பொரியும். தூக்கி நிற்கிற முக்கோண நுனிகள் தேன் நிறமாகும். கிண்ணத்தைத் தட்டினால் நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஒருமுறை ஆடி நிற்க வேண்டும். அலையடித்தால் இன்னும் வேகவில்லை. ஆடவே இல்லையென்றால் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் வைத்தால் மீதிச் சூட்டில் தானே இறுகும். வெதுவெதுப்பாக இருக்கும்போது சாப்பிடுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஓவன் கிடையாது. புட்டிங் என்றால் குக்கரிலோ இட்லிப் பானையிலோ ஆவியில் வைப்பதுதான். அதில் இறுகும், மிருதுவாக வரும். ஆனால் ஆவியில் எதுவும் சிவக்காது. ஏர் ஃப்ரையர் நமக்குக் கொடுத்த உருப்படியான விஷயம் அந்தச் சிவந்த மேல்தோல்தான் என்பேன். எண்ணெய் மிச்சமெல்லாம் அப்புறம். அதற்காக, ஒரு புட்டிங்குக்காகப் போய் ஏர் ஃப்ரையர் வாங்காதீர்கள். இட்லிப் பானையில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, கனமாகத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுத்தாலும் அது அருமையான பிரெட் புட்டிங்தான்.