பழைய காரில் 'மிஸ்ஸிங்': பிளக் கோளாறா, ஹெட் கோளாறா? கண்டுபிடிப்பது எப்படி?

ஆரணி, போளூர் சுற்றுவட்டாரத்தில் மாருதி 800, ஆம்னி போன்ற பழைய கார்களை இன்றும் பார்க்கலாம். சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி, போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது இழுக்காமல் திணறும், குலுங்கும். "பிளக்கை மாத்துங்க, சரியாயிடும்" என்பார் ஒருவர். "ஹெட் போயிடுச்சு, இறக்கணும்" என்பார் இன்னொருவர். முதல் வேலை சில நூறு ரூபாயில் முடியும்; இரண்டாவதுக்கு பல ஆயிரம் ஆகும். எது உண்மை என்று ஹெட்டைக் கழற்றாமலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பிளக்கின் நிறம் சொல்வது என்ன?

மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினில் 3 சிலிண்டர்கள், 3 பிளக்குகள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூன்றையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று தெரியும்படி வரிசையாக வைக்க வேண்டும்.

- வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எல்லாம் சரி.
- காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக், கார்புரேட்டரைப் பார்க்கவும்.
- ஆயில் ஈரத்தோடு கருப்பு: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.
- வெளுத்து, கொப்பளித்த முனை: அதிகச் சூடு, பெட்ரோல் பற்றாக்குறை அல்லது டைமிங் கோளாறு.
- ஒரு பிளக் மட்டும் கழுவியது போல பளிச்: அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்ற சந்தேகம் வர வேண்டும்.

செலவில்லாத சோதனை

சந்தேகப்படும் பிளக்கை பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் கோளாறு பிளக்கில்தான். பழைய இடத்திலேயே நின்றால் பிளக் ஒயரையும் இதே போல மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் மாறவில்லை என்றால்தான் இன்ஜினுக்குள் பார்க்க வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளங்கள்

இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது கேஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது இதுதான். மாருதி 800-ல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும். அதனால் அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் விட்டுவிடும்.

வெளியே ஒழுகாமலேயே ரேடியேட்டர் தண்ணீர் குறைவது, தண்ணீரில் விடாமல் குமிழி வருவது, இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் ஸ்டிக்கில் காபி நிறக் கலவை ஆகியவை முக்கிய அடையாளங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில், ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் வெண்மையாகப் படிவதும் ஈரத்தால் வரலாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் ஏன் அவசியம்?

பிளக் துளையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பதுதான் இந்த சோதனை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் கூடினால் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து குறைந்தால், நடுவில் கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். 'ஹெட்டை இறக்கணும்' என்று சொன்னால், இந்த அளவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ஹெட்டை இறக்கிய பிறகு கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவைப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் 'ஃபேசிங்' செய்யணும். இல்லாவிட்டால் புது கேஸ்கெட்டும் நிற்காது.

செய்யக் கூடாதவை

- டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் 'வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டாதீர்கள். சிறு கோளாறு ஹெட் வேலையாக மாறுவது அந்த சில கிலோமீட்டர்களில்தான்.
- சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
- உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உள்ளே படிமம் அடைத்து சூடு ஏறும். கூலன்ட்தான் சரி.
- பிளக்கை எடுத்ததும் ஸ்பேனரால் முறுக்காதீர்கள். முதலில் கையால் திருகுங்கள். அலுமினிய ஹெட்டின் மரை போனால் அதுவே தனிச் செலவு.

மாருதி 800 உற்பத்தி 2014-ல் நின்றது. கடைசியாக வந்த வண்டிகளுக்கும் 2029-ல் 15 வயதாகும். அதன்பின் ஆர்.சி. புதுப்பிக்க தகுதிச் சோதனையைத் தாண்ட வேண்டும். மிஸ்ஸிங் உள்ள வண்டி எரியாத பெட்ரோலை புகையாகத் தள்ளும் என்பதால், புகைச் சோதனையில் தேறுவதும் கஷ்டம்.