டூ (ஆங்கில வினைச்சொல்)

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் ஒன்றாகிய 'டூ', செய்தல் என்னும் அர்த்தமுடைய பிரதான வினையாகவும், தனக்கென அர்த்தம் ஏதுமின்றிப் பிற வினைகளுக்கு உதவும் துணைவினையாகவும் இருவகையில் பிரயோகமாவது. நிகழ்காலத்தில் 'டூ' என நிற்கும் இது, படர்க்கை ஒருமை எழுவாயுடன் 'டஸ்' என்றும், இறந்தகாலத்தில் எல்லா எழுவாய்களுடனும் 'டிட்' என்றும் உருமாறும்.

பிரதான வினை: ஒரு காரியத்தில் ஈடுபட்டு அதை நிறைவேற்றுவதை 'டூ' என்பதும், முன்னில்லாத ஒன்றை உண்டாக்குவதை 'மேக்' என்பதும் பெரும்பாலும் குறிப்பதால், வீட்டுப்பாடம் செய்வது 'டூ ஹோம்வொர்க்' என்றும், காப்பி போடுவது 'மேக் காஃபி' என்றும் வழங்கும். ஆயினும் உபகாரம் செய்வதை 'டூ எ ஃபேவர்' என்றும், தவறு செய்வதை 'மேக் எ மிஸ்டேக்' என்றும் கூறுவது மரபையே ஆதாரமாகக் கொண்டதாதலின், இத்தகைய தொடர்களை அப்படியே மனனம் செய்வது உத்தமம்.

துணைவினை: தமிழில் வினாவுக்கு ஆகார விகுதியும் மறுப்புக்கு 'இல்லை' என்பதும் போதுமாயிருக்க, ஆங்கிலம் அவ்விரண்டிற்கும் 'டூ யூ நோ?', 'ஐ டோன்ட் நோ' என இச்சொல்லின் துணையை நாடுகிறது. 'ஐ டிட் கோ' என்று அழுத்திச் சொன்னால் போனது உண்மையே என்னும் உறுதி தொனிக்கும். 'கேன்', 'வில்' முதலிய துணைவினைகள் உள்ள வாக்கியங்களிலும், 'ஹூ கேம்?' என்பதுபோல் வினாச்சொல்லே எழுவாயாகும் இடத்திலும் இதற்கு வேலையில்லை. 'பீ' என்னும் வினையும் இதனை வேண்டுவதில்லை; 'டோன்ட் பீ லேட்' போன்ற ஏவல் தொடர்கள் இதற்கு விதிவிலக்கு.

கற்போர் முக்கியமாக உணரவேண்டிய தத்துவம் ஒன்றுண்டு: காலத்தையும் எழுவாய்க்குரிய மாற்றத்தையும் துணைவினை ஏற்றுக்கொண்டபின், அடுத்துவரும் வினை தன் மூலவடிவிலேயே நிற்கும். ஆகையால் 'டிட் யூ கோ?' என்பதே சரி. 'டிட் யூ வென்ட்?' என்பது பிழை. அவ்வாறே 'ஷி டஸ்ன்ட் நோஸ்' என்பதும் பிழையாம்.

சரித்திரம்: ஷேக்ஸ்பியர் (1564–1616) காலத்தில் 'ஐ நோ நாட்', 'ஐ டூ நாட் நோ' என்னும் இருவகை மறுப்பும் ஒருங்கே வழங்கின. அழுத்தம் இல்லாத சாதாரண உடன்பாட்டு வாக்கியத்திலும் அக்காலத்தில் இச்சொல் வந்ததுண்டு. அவ்வழக்கை ஸாமுவேல் ஜான்ஸன் தம் 1755ஆம் ஆண்டு அகராதியின் இலக்கணப் பகுதியில் குற்றமெனக் குறித்தார். துணைவினையாக 'டூ' வளர்ந்த விதத்தை ஸ்வீடன் தேசத்து அறிஞர் ஆல்வார் எல்லெகோர்ட் 1953இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பழைய நூல்களில் 'டூ' இன்றி வரும் மறுப்பையும் வினாவையும் படித்து அறிந்துகொள்ளலாமே அன்றி, இக்கால எழுத்திலும் பேச்சிலும் அவற்றைக் கையாளுதல் பொருந்தாது.