ரோமாபுரிக் கடனும் நம்ம குழுச் சேமிப்பும்



நம்ம குழு எப்படி வந்ததுன்னு கேட்டா, "ஆபீசர் வந்து சொன்னாங்க, ஆரம்பிச்சோம்" என்றுதான் சொல்லுவோம். அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கிறது.

1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-ல் இஃபாட் எனும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, வானம் பார்த்த தர்மபுரி மாவட்டத்தில் குழுக்கள் அமைத்தார்கள். இது ஐ.நா. சபையைச் சேர்ந்தது, தலைமையிடம் ரோமாபுரி. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, நம்ம பக்கத்து ராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. 1998-ல் அந்த உதவி முடிந்தது. அதற்குள் தமிழக அரசே சொந்த நிதியில் மகளிர் திட்டத்தைத் தொடங்கியிருந்தது; பிறகு படிப்படியாக அதை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு வந்தது.

வெளிநாட்டு உதவின்னா சும்மா கொடுத்த பணம் இல்லை. அரசாங்கம் வாங்கிய கடன் அது. அதனால் என்ன நன்மை கிடைத்தது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

பர்மா வரைக்கும் போய் வட்டிக்கடை வைத்த ஊர் நம்ம செட்டிநாடு. ஆனால் கூலிவேலைக்குப் போற பொம்பளைக்கு அவசரத்துக்குக் கிடைத்தது பத்து வட்டிதான். அடகு வைக்கக் குண்டுமணித் தங்கம் இல்லாதவளை எந்த பேங்க் உள்ளே விட்டது? பன்னிரண்டு முதல் இருபது பேர் சேர்ந்து சேமித்து, கணக்கு எழுதி, ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பேற்றால் ஜாமீன் சொத்து இல்லாமலே கடன் கொடுக்கலாம் என்று இந்தக் குழுக்கள் காட்டின. 1992-ல் நபார்டு வங்கியும் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நாட்டளவில் தொடங்கியது. குழுவுக்குள் கட்டுற வட்டி குழுவுக்கே சேருது. இதெல்லாம் பெரிய நன்மை.

ஆனா ஒரு குறையும் சொல்லணும். திட்டம் நல்லா நடக்குதான்னு பார்க்க வர்றவங்க முதலில் கேட்பது, "தவணை ஒழுங்கா வருதா?" என்பதுதான். எங்க குழுவில் ஒரு அக்கா கறவை மாட்டுக்குக் கடன் எடுத்தாங்க. பணத்தை வீட்டுக்காரர் வாங்கி மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிட்டார். அக்கா நாற்று நட்டு, களை எடுத்து, ஒரு தவணை தவறாமல் கட்டி முடிச்சாங்க. பேரேட்டைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. தொழுவத்தில் மாடு இல்லை.

தவணை வந்தால் பேங்குக்கு நிம்மதி. நமக்கு அது மட்டும் போதாது. கடன் பணம் யார் கையில் நின்றது, தவணை எந்த வருமானத்தில் வந்தது என்ற இரண்டு கேள்வியையும் மாதக் கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். அதை ரோமாபுரியில் இருந்து வந்து யாரும் எழுத முடியாது. நாமதான் எழுதணும்.